பத்து பத்துக்கு வண்டி இல்லை

அன்று காலை அப்பாவின் கைக்கடிகார வாரை நான்தான் மாட்டிவிட்டேன்.

அப்பா ஒரு கையில் காப்பிக் கிண்ணத்தைப் பிடித்திருந்தார். மறு கையை மேசைக்கு மேல் என் பக்கம் நீட்டினார்.

"நாலாவது ஓட்டை, எலியான். மூணாவதுல போட்டுடாத, கை இறுக்கும்."

"தெரியும்ப்பா. தினமும் சொல்றீங்க."

"தினமும் நீ மூணாவதுலதானே போடற?"

நாலாவது துளையில் மாட்டினேன். அப்பா கடிகாரத்தை லேசாகத் திருப்பி, கட்டைவிரல் பக்கமாகத் தள்ளி வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் கைக்கு மேல கட்டுறாங்க. நீங்க மட்டும் ஏன் ஓரமா வைக்கிறீங்க?" என்று கேட்டான் ஜீல். ஜீல் என் தம்பி. அப்போது அவனுக்கு ஆறு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன.

"ஊருக்குக் காட்டவா கட்டுறேன்? நான் பாக்கக் கட்டுறேன்டா," என்றார் அப்பா. வெண்ணெய் தடவிய ரொட்டியில் பாதியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். "இது சாயங்காலம் வந்து நான் சாப்பிட. ஜீல், உன் கை இதுமேல படக்கூடாது."

"நான் சொல்லி வைக்கிறேன். ஆனா என் கை கேக்காது," என்றான் ஜீல்.

தபாலையும் பயணிகளையும் ஏற்றிச் செல்லும் மஞ்சள் தபால் பேருந்தை அப்பா ஓட்டினார். எங்கள் ஊரான லெ லொக்லிலிருந்து, பனி கொட்டும் மேட்டுச் சாலையில், லா பிரெவீன் வரைக்கும். முதல் வண்டி காலை ஆறு முப்பத்திரண்டுக்கு.

அன்று மாலை அப்பா வரவில்லை.

கடைசி நடை திரும்பும் வழியில் அவருக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது. வண்டியைச் சாலையோரமாக நிறுத்தினார். கைப்பிரேக்கை இழுத்தார். கதவைத் திறந்துவிட்டார். வண்டியில் பதினொரு பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இத்தனையும் செய்த பிறகுதான் அப்பா ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். மருத்துவர் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்தப் பாதி ரொட்டியை ஜீலின் கை தொடவே இல்லை.

அப்பாவின் கடிகாரம் ஒரு காகித உறையில் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைத் தன் கையில் கட்டிக்கொண்டார். தினமும் காலையில் மறக்காமல் சாவி கொடுத்தார்.

பிப்ரவரியில் ஒரு நாள் அம்மா சூப் ஊற்றிக்கொண்டே சொன்னார். "நான் பஸ் ஓட்டப் போறேன்."

"எந்த பஸ்?" என்றான் ஜீல்.

"அப்பாவோட பஸ்."

"அது மலை ஏறுமே!"

"நானும்தான் ஏறுவேன். சூப்பைக் குடி."

அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பெண்கள் யாரும் பேருந்து ஓட்டியதில்லை. செய்தி பரவ ஒரு நாள்கூட ஆகவில்லை. ரொட்டிக் கடையில் வரிசையில் நின்ற ஒரு தொப்பிக்காரர் அம்மாவைப் பார்த்து, "நல்லதுதான் லூசெத், பஸ் கண்ணாடி பெருசு. முகம் பாத்துக்க வசதி!" என்று சொல்லிச் சிரித்தார்.

"ஆமாங்க. பின்னாடி உக்காந்து யார் உளர்றாங்கன்னும் அதுலதான் தெரியும்," என்றார் அம்மா.

கடை முழுவதும் சிரித்தது. தொப்பிக்காரர் மட்டும் ரொட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

பயிற்சி தொடங்கியது. மாலையில் வீட்டுக்கு வந்ததும் அம்மா அன்று நடந்ததை எங்களுக்கு நடித்துக் காட்டுவார். பெரிய தட்டுதான் ஸ்டியரிங். ஜீல் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயணியாகிவிடுவான்.

"சீட்டு எடுத்தியா?"

"நான் நாய்க்குட்டி. எனக்கு இலவசம்."

"சரி, குரைக்காம வா." அம்மா தட்டை இரண்டு கையாலும் பிடித்து வளைவில் திருப்பினார். திடீரென்று மூக்குக்குக் கீழே ஒரு விரலை மீசைபோல வைத்துக்கொண்டு கத்தினார். "கை! கை! ஸ்டியரிங்ல கை!"

அது பயிற்சியாளர். அவருக்கு மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது.

"ஏம்மா தினமும் கத்துறாரு?" என்று கேட்டேன்.

"எல்லாம் இந்த வாட்ச்சாலதான். அப்பா கைக்குச் சரியா இருந்துச்சு. எனக்குப் பெருசு. கையை ஆட்டினா கீழ சுத்திப் போயிடுது. மணி பாக்கணும்னா ஒரு கையை எடுத்து இதைத் திருப்பணும். கையை எடுத்தா மீசை கத்துது. எடுக்கலைன்னா மணி தெரியல. தபால் வண்டி ஒரு நிமிஷம் முன்னாடியும் போகக்கூடாது, பின்னாடியும் போகக்கூடாது."

"வேற வாட்ச் கட்டிக்கோயேன்."

அம்மா கீழே சுழன்றிருந்த கடிகாரத்தை மேலே திருப்பினார். அது உடனே மறுபடி கீழே போனது.

அடுத்த வாரம் வகுப்பில் ஜாக்கே டீச்சர் ஓர் அறிவிப்பு படித்தார். கடிகாரம் செய்யக் கற்றுத்தரும் எங்கள் ஊர்க் கடிகாரப் பள்ளி ஒரு போட்டி வைத்திருந்தது. பத்து முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் யார் வேண்டுமானாலும் ஒரு கைக்கடிகாரம் வடிவமைக்கலாம். ஒரு தாள், ஒரு கடிகாரம். பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். தேர்வாகும் கடிகாரத்தைக் கடைசி ஆண்டு மாணவர்கள் நிஜமாகவே செய்து தருவார்கள். ஜூலையில், பள்ளி ஆண்டு முடியும் திருநாளில், வரைந்த பிள்ளையின் கையில் அது வந்து சேரும்.

நிஜமாகவே! அந்தச் சொல்லுக்குப் பிறகு டீச்சர் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை. அம்மாவின் மணிக்கட்டு மட்டும்தான் கண் முன்னால் நின்றது.

"நான் பனிச்சறுக்கு வீரன் போடப் போறேன்," என்றான் பக்கத்தில் இருந்த தியரி. அவன் அப்பா கடிகார டயல்கள் அச்சடிப்பவர். அதனால் கடிகாரம் பற்றிய எல்லாமே தனக்குத் தெரியும் என்பது தியரியின் எண்ணம். "ரெண்டு முள்ளும் ரெண்டு வீரனுங்க. பத்து பத்துல ரெண்டு பேரும் அப்படியே பறப்பாங்க. நீ?"

"சொல்ல மாட்டேன்."

"உனக்கே தெரியாது. அதான்."

பத்து பத்து என்றால் என்ன என்று, கடிகாரம் செய்யும் எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். கடை சன்னலில், விளம்பரத்தில், தொழிற்சாலைச் சுவரில், கடிகாரம் என்று ஒன்று இருந்தால் அது பத்து மணி பத்து நிமிடம் காட்டும். அப்போதுதான் இரண்டு முள்ளும் கையை உயர்த்திச் சிரிப்பதுபோல் இருக்கும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வீடு வரையும்போது புகைபோக்கி போடுவதுபோல, கடிகாரம் வரையும்போது பத்து பத்து போடுவோம்.

நானும் அப்படித்தான் போட்டேன்.

பெரிய முள் ஒரு மஞ்சள் பேருந்து. பருமனாக, சன்னல்களோடு. சின்ன முள் ஒரு மெல்லிய பைன் மரம். பத்து பத்தில் மரம் இடது பக்கம் நின்றது. பேருந்து வலது பக்கம் மலை ஏறியது. எனக்கே கைதட்டத் தோன்றியது.

இது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. தேர்வானால் மட்டும் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் ஜீலுக்குத் தெரிந்துவிட்டது. ரகசியம் காப்பது அவனுக்கு முன்பல் இல்லாமல் ஆப்பிள் கடிப்பதைவிடக் கஷ்டம்.

அவன் வாயை அடைக்க, சீஸ் வரும் வட்டமான மரப் பெட்டியின் மூடியில் என் கடிகாரத்தைப் பெரிதாகச் செய்து கொடுத்தேன். அட்டையில் இரண்டு முள். நடுவில் ஓர் ஊசி.

ஜீல் அதைத் தரையில் வைத்துச் சுழற்றினான்.

"லா பிரெவீன், லா பிரெவீன்! எல்லாரும் ஏறுங்க! ஆறு முப்பத்திரெண்டு!" என்று கத்தினான். பிறகு குனிந்து பார்த்தான்.

"அக்கா."

"என்ன?"

"பஸ் மரத்துல ஏறிடுச்சு."

போய்ப் பார்த்தேன். ஆறு முப்பத்திரண்டில் இரண்டு முள்ளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் இருக்கும். என் பருத்த பேருந்துக்கு அடியில் மரம் முழுதாக மறைந்துபோயிருந்தது. கடிகாரத்துக்கு ஒரே ஒரு முள்தான் என்பதுபோல் இருந்தது. அதுமட்டும் இல்லை. பேருந்தின் அகலமான மூக்கு முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று ஆகிய மூன்றையும் சேர்த்து மூடியிருந்தது.

"மரத்துக்கு அடி பட்டிருக்குமா?" என்று கேட்டான் ஜீல்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவுக்காகத்தான் இந்தக் கடிகாரம். அம்மா இதைப் பார்க்கவேண்டிய நேரம் ஆறு முப்பத்திரண்டு. சரியாக அந்த நேரத்தில்தான் இது எதையும் சொல்லாது!

முள்ளை மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்த்தேன். ஒன்று ஐந்தில் ஒரு விபத்து. இரண்டு பதினொன்றில் ஒன்று. பன்னிரண்டு மணி நேரத்தில் மொத்தம் பதினொரு முறை என் பேருந்து மரத்தின் மேல் ஏறியது. நான் கடிகாரம் வரையவில்லை. பத்து மணி பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வரைந்திருந்தேன்.

அன்று மாலை அந்தத் தாளைக் கிழித்தேன். கொஞ்சம் அழுதேன். ஜீல் வந்து தன் கைக்குட்டையைக் கொடுத்தான். அதில் ஏற்கெனவே ஜாம் இருந்தது.

மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். இந்த முறை பென்சிலை எடுக்கவில்லை. ஒரு சோடா பாட்டில் மூடியையும் நூலையும் எடுத்தேன்.

"அம்மா, தட்டைப் பிடி. பஸ் ஓட்டு."

"எதுக்குடி?"

"பாடம்."

அம்மா தட்டைப் பிடித்தார். நான் மூடியை அவர் மணிக்கட்டின் மேல் கட்டினேன். "மூடி தெரியுதா?"

"கூரைக்குத் தெரியும். எனக்குத் தெரியல."

அடிப்பக்கம் கட்டினேன். அம்மாவின் முழங்காலுக்குத் தெரிந்தது. பிறகு கட்டைவிரல் பக்கம் நகர்த்தினேன். அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் தாழ்த்தினார்.

"இப்ப நேராத் தெரியுது," என்றார். அப்புறம், "உங்க அப்பா வைக்கிற இடம்," என்றார்.

'நான் பாக்கக் கட்டுறேன்.' அப்பா சொன்னது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

கடிகாரம் அந்த ஓரத்திலேயே நழுவாமல் நிற்க வேண்டும். ஆகவே அதன் அடிப்பாகத்தைக் குதிரைச் சேணம்போல வளைத்து வரைந்தேன். குளிர்காலத்தில் ஆறு முப்பத்திரண்டுக்கு இன்னும் விடிந்திருக்காது. ஆகவே துடைப்பம் வைக்கும் அலமாரிக்குள் ஜீலை நிறுத்தி, கதவை முக்கால்வாசி மூடி, ஒவ்வொரு வண்ண அட்டையாக உள்ளே நீட்டினேன்.

"வெள்ளையில மஞ்சள்?"

"ஒண்ணும் தெரியல. இங்க ஒரு சிலந்தி இருக்கு."

"கறுப்புல மஞ்சள்?"

"தெரியுது! சிலந்தியும் தெரியுது! கதவைத் தெற!"

டயல் கறுப்பு என்று முடிவானது.

மிச்சம் இருந்தது அந்த விபத்து. இரண்டு நாள் யோசித்தேன். பேருந்தை ஒல்லியாக்கினால் அது பேருந்தாக இல்லை. மரத்தைப் பருமனாக்கினால் இரண்டு பருமன்கள் மோதிக்கொண்டன. மூன்றாம் நாள், ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது, அகலமான ரொட்டித் துண்டின் மேல் கத்தி கிடப்பதைப் பார்த்தேன். கத்தியும் தெரிந்தது. இரண்டு பக்கமும் ரொட்டியும் தெரிந்தது.

பேருந்தைச் சின்ன முள்ளாக மாற்றினேன். குட்டையாக, அகலமாக, மஞ்சளாக. பெரிய முள் ஒரு வெள்ளைக் கம்பி. மெல்லியது, கூரானது, விளிம்புவரை நீண்டது. இப்போது ஒன்றின் மேல் ஒன்று வந்தாலும், மஞ்சள் பேருந்தின் நடுவில் வெள்ளைக் கோடு தெளிவாக ஓடியது. அதன் நுனி முப்பத்திரண்டை மட்டும் தொட்டது.

ஜீலுக்குத்தான் வருத்தம். "பஸ் ஒரு சுத்து வர பன்னெண்டு மணி நேரம் ஆகுமே!"

"நம்ம ஊர் பனியில அவ்வளவுதான் போகும்."

சுத்தமான தாளில் வரைய உட்கார்ந்தேன். முள்ளை எங்கே வைப்பது? கை தானாகவே பத்து பத்துக்குப் போனது. நிறுத்தினேன். பத்து பத்தில் எந்தக் கடிகாரமும் அழகுதான். என் கடிகாரத்தின் கெட்டிக்காரத்தனம் அதில் தெரியாதே? ஆறு முப்பத்திரண்டில் வைத்தேன்.

வகுப்பில் அதைக் காட்டியதும் தியரி விழுந்து விழுந்து சிரித்தான். "இங்க பாருங்கடா, எலியானோட வாட்ச்சுக்குக் கை ரெண்டும் தொங்கிப் போச்சு! தூங்குது!"

"சீக்கிரம் ஒரு போர்வை கொண்டுவாங்க!" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

ஜாக்கே டீச்சர் அவர்களை அடக்கினார். ஆனால் அவரும் தாளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "எலியான், வேலை ரொம்ப நல்லா இருக்கு. ஆனா கடிகாரத்தை யாரும் இப்படி வரைய மாட்டாங்க. நடுவருங்க முதல் பார்வையிலயே தள்ளிடுவாங்க. முள்ளை மட்டும் பத்து பத்துக்கு மாத்திடேன். இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

தாளை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அழிப்பான் மேசைமேல் இருந்தது. நான் தோற்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அம்மா முதல் நாள் அந்தப் பெரிய கடிகாரத்தோடுதான் போவார். கையை எடுப்பார். திருப்புவார். மலைச்சாலையில்.

டீச்சர் சொன்னபடி மாற்றினால் ஒருவேளை ஜெயிக்கலாம். ஆனால் அப்போது நடுவர்கள் பார்ப்பது வேறு எல்லோருடையதையும்போல ஒன்றைத்தான். இதை யாருக்காக, எந்த நேரத்துக்காகச் செய்தேன் என்பது அந்தத் தாளில் இருக்காது.

அழிப்பானை ஜீலிடம் கொடுத்தேன். "இதை எங்கயாவது ஒளிச்சு வை. நான் கேட்டாலும் தராத."

அவன் அதை அவ்வளவு நன்றாக ஒளித்துவைத்தான், இன்றுவரை கிடைக்கவில்லை.

சனிக்கிழமை, உடற்பயிற்சிக் கூடத்தில் நாற்பத்து மூன்று தாள்கள் வரிசையாகத் தொங்கின. பெற்றோர்கள் வந்து பார்த்தார்கள். நாற்பத்திரண்டு கடிகாரங்கள் கையை உயர்த்திச் சிரித்தன. இருபத்தேழாம் எண் மட்டும் சிரிக்கவில்லை.

நடுவர்கள் மூன்று பேர். கோட்டு போட்ட இரண்டு ஆண்கள். மூன்றாமவர் ராசின் என்ற பெண்மணி. ஒரு தொழிற்சாலையில் கடிகாரம் வரைவதுதான் அவர் வேலை. காதில் பென்சில் செருகியிருந்தார்.

கோட்டுக்காரர் ஒருவர் என் தாள்முன் நின்றார். "பாவம், இந்தக் குழந்தை ரெண்டு முள்ளையும் ஒரே இடத்துல வச்சிடுச்சு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். தியரியின் பனிச்சறுக்கு வீரர்கள்முன் மூன்று பேரும் நீண்ட நேரம் நின்றார்கள்.

 கூடத்தின் மூலையில் ஒரு கயிறு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்போதுதான் அம்மா வந்தார். பயிற்சியிலிருந்து நேராக, பனி ஒட்டிய பூட்ஸோடு. பின்னால் ஜீல், இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு.

"இவனுக்குப் பல்லு வலியா?" என்று அம்மா என்னைக் கேட்டார். பிறகு வரிசையாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். "பத்து பத்து. பத்து பத்து. இங்கயும் பத்து பத்து. ஊரே காப்பி குடிக்கப் போயிருக்கு போல."

இருபத்தேழாம் எண்ணைக் கடக்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினார்.

"ஐயோ, ஆறு முப்பத்திரெண்டு! கிளம்பணும்!" என்றார். அவர் கை தானாகவே கோட்டுப் பைக்குள் போய்ச் சாவியைத் தேடியது.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அப்புறம் திரும்பி வந்து அந்தத் தாள்முன் நின்றார். சேணம்போல வளைந்த அடிப்பாகத்தைப் பார்த்தார். ஓரத்தில் நான் சின்னதாக வரைந்திருந்த கையைப் பார்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்த கை. கட்டைவிரல் பக்கம் கடிகாரம்.

அம்மா சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"இது யாரு வரைஞ்சது?"

ஜீல் வாயிலிருந்து கையை எடுத்தான். "அக்காதான்! நான் சொல்லல! நான் சொல்லவே இல்ல!"

ராசின் அம்மையார் இதற்குள் அருகில் வந்திருந்தார். "நீங்க எப்படி அவ்வளவு சீக்கிரம் மணி சொன்னீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். "ரெண்டு முள்ளும் ஒண்ணா இருக்கே?"

"தெரிஞ்சுது. சொன்னேன்," என்றார் அம்மா.

ராசின் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, எல்லாரும் பத்து பத்து வரைஞ்சிருக்காங்க. நீ ஏன் வரையல?"

டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார். தியரி பார்த்துக்கொண்டிருந்தான். 

"பத்து பத்துக்கு எங்க அம்மாவுக்கு வண்டி இல்லைங்க," என்றேன்.

ராசின் என் தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தியரியிடம் நீட்டினார். "தம்பி, உன் வாட்ச்சுல ஆறு முப்பத்திரெண்டு எப்படி இருக்கும்? இந்தத் துண்டுத் தாள்ல போட்டுக் காட்டு."

தியரி வேகமாக வரைந்தான். பாதியில் வேகம் குறைந்தது. பிறகு அவனே களுக்கென்று சிரித்துவிட்டான். "ரெண்டு வீரனும் ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்துட்டானுங்க மேடம். கால் யாருதுன்னே தெரியல."

ராசின் வரிசையின் முதல் தாளுக்குப் போனார். கோட்டுக்காரர்களையும் கூப்பிட்டுக்கொண்டு, எல்லாவற்றையும் மறுபடி பார்க்க ஆரம்பித்தார். இந்த முறை ஒவ்வொரு தாளின் முன்னும் விரலால் காற்றில் முள்ளைச் சுற்றிப் பார்த்தார்.

ஐந்து மணிக்கு முடிவைப் படித்தார்கள். "எண் இருபத்தேழு," என்றார் முதலில் 'பாவம்' என்று சொன்ன அதே கோட்டுக்காரர்.

அம்மா என் தோளில் கை வைத்தார். நன்றாக அழுத்தி வைத்தார். "இவ என் பொண்ணு," என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் சொன்னார். "வண்டி நேரம் தெரிஞ்ச பொண்ணு." அவர் எதுவும் கேட்டிருக்கவே இல்லை.

திங்கட்கிழமை தியரி என் மேசைக்கு வந்தான். "டயலை எங்கப்பா அச்சடிச்சுத் தர்றாராம். ஆனா நீ போட்ட ஆறு கொஞ்சம் சாஞ்சிருக்கு. நான் நேராக்கித் தரட்டுமா?"

"தூங்குற வாட்ச்சுக்கு எதுக்கு நேரான ஆறு?"

"சரிடி, முழிச்சுக்கிச்சு. நேராக்கட்டுமா, வேண்டாமா?"

அவன்தான் நேராக்கினான். நன்றாகவே செய்தான்.

ஜூன் மாதம் அம்மா ஓட்டுநர் தேர்வில் தேறினார். மீசைக்காரரே கையெழுத்துப் போட்டார். ஜூலையில், திருநாள் ஊர்வலத்தில், வாத்தியம் முழங்க நாங்கள் வெள்ளை உடையில் நடந்தோம். கடிகாரப் பள்ளி மாணவர் ஒருவர் ஒரு சிறிய பெட்டியை என்னிடம் தந்தார். நான் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் நேராக அம்மாவிடம் கொண்டுபோனேன்.

அம்மா கையை நீட்டினார். நான் மாட்டிவிட்டேன். அது நழுவவில்லை. அப்பாவின் கடிகாரத்தை அன்றிலிருந்து சமையலறைச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கவிட்டோம். சாவி கொடுப்பது ஜீலின் வேலையானது.

அடுத்த நாள் காலை, அம்மா தனியாக வண்டி ஓட்டும் முதல் நாளில், நானும் ஜீலும் பேருந்து நிலையத்துக்குப் போனோம். மஞ்சள் வண்டியின் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் அம்மா சின்னதாகத் தெரிந்தார். பயணிகள் ஏறினார்கள். கடைசியில் ஒருவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். அன்று ரொட்டிக் கடையில் சிரித்த அதே தொப்பிக்காரர்.

அம்மாவின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்தன. கண் மட்டும் தாழ்ந்தது.

"இன்னும் அரை நிமிஷம் இருக்குங்க. மெதுவா ஏறுங்க," என்றார்.

கதவு மூடியது. வண்டி கிளம்பியது. ஜீல் கையை ஆட்டவில்லை. நேராக நிமிர்ந்து, ராணுவ வீரன்போல வணக்கம் வைத்தான். நானும் வைத்தேன்.

அம்மா அந்தச் சாலையில் இருபத்து நான்கு ஆண்டுகள் ஓட்டினார். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. போன இலையுதிர் காலத்தில், அம்மா மறைந்த பிறகு, அவருடைய கடிகாரமும் ஒரு காகித உறையில் என்னிடம் வந்தது. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஜீல் அதை என் கையில் மாட்டிவிட்டான். அவனுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. மூன்றாவது துளையில்தான் மாட்டினான். நான் நாலாவதுக்கு மாற்றச் சொன்னேன்.

பேருந்துகள் புதிதாகிவிட்டன. நிலையத்தை இடித்துக் கட்டிவிட்டார்கள். லா பிரெவீனுக்குப் போகும் முதல் வண்டி இன்றும் காலை ஆறு முப்பத்திரண்டுக்குத்தான் புறப்படுகிறது.